உயிரோடு இருக்கிறார், சான்று உண்டு

மத்திய அரசுப் பென்ஷன்காரர், தான் இன்னும் போய்ச் சேரவில்லை என்று வருடாவருடம் நவம்பரில் நிரூபித்தாக வேண்டும். எண்பது தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: அக்டோபர் 1 முதலே நிரூபிக்கலாம். அந்த வயதில் எதையும் நவம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம் என்று டெல்லியில் யாரோ தொலைநோக்கோடு யோசித்திருக்கிறார்கள்.

2014-இல் ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்று வந்தது. விரலை வைத்தால் போதும். வைக்கலாம்தான், ரேகை மிச்சமிருந்தால். பிறகு முகத்தைக் காட்டினாலே போதும் என்று இறங்கி வந்தார்கள். செல்போன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அப்பாவுக்குக் காது மந்தம். தெருவுக்கே கேட்கும்படி நான் கத்தினேன். கண்ணை மூடினார். திறக்கவில்லை. உயிர்ச் சான்றுக்கு நடுவே குறட்டை.

காலை மாத்திரை போட்டாரா என்பது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் எண்பதில் அடிப்படைப் பென்ஷன் 20 சதவீதம் கூடியதும், நூறைத் தொட்டால் இரட்டிப்பாகும் என்பதும் மனப்பாடம். டாக்டர் கொடுக்காத தெம்பை அந்த அரசாணை கொடுக்கிறது.

“இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டுறேன். நான் உயிரோட இருக்கேனான்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா முணுமுணுத்தாள்.

காது மெஷின் மாட்டாத அப்பாவுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“அவசரப்படாதே. நான் போனதும் குடும்பப் பென்ஷனுக்கு உன்னையும் கேப்பாங்க.”