இறாலுக்கும் ஒரு பாடத்திட்டம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 விதிமுறைகளில் எம்.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கியது எவ்வளவு தொலைநோக்கு! ஓராண்டில் இத்தனை ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடவே நேரம் போதாதே.

இந்தத் தொலைநோக்கு எட்டாத ஆரம்பாக்கத்தைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியில், மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிரும் பாடு முறைப்படி வலை கட்டும் பெரியவர், கற்றல் நோக்கம் ஒன்றைக்கூட எழுதாமல் பேரனைத் தண்ணீரில் இறக்குகிறார். ப்ளூம் குழு 1956-இல் அறிதல் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தது யாருக்காக? பையன் கூடை நிறைய இறாலோடு வருகிறான்; சரி, ரெக்கார்டில் கையொப்பம் எங்கே?

எனவே ஏரியிலும் ஒரு செமஸ்டர் நடத்திப் பார்ப்போம். அட்டைக்குப் பத்து, மார்ஜினுக்குப் பத்து, பிபிடிக்கு இருபது. மார்ஜின் விடாத பெரியவர் அரியர். குழுவாக இயங்கி, நேரத்துக்கு வந்து, ஒரு கேள்வியும் கேட்காத இறாலுக்கே முதல் மதிப்பெண்.