இளைஞர் நற்பணி மன்றத்தில் உறுப்பினர் ஆகும் முறையும் அதில் நாற்காலியின் பங்கும்: ஓர் ஆய்வு

இளைஞர் நற்பணி மன்றத்தில் ஒருவர் சரியாக எந்த நொடியில் உறுப்பினர் ஆகிறார் என்ற கேள்விக்குத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை முகம் கொடுக்கவில்லை. சங்க காலத்து மன்றத்தைப் பற்றி முனைவர் பட்டங்கள் வாங்கியாயிற்று. ஊர்ப் பொது மரத்தடியில் அது கூடியதற்குப் பாட்டுகளில் சான்றும் காட்டியாயிற்று. அதேபோன்ற மரத்தடியில் இன்றைக்கும் கேரம் போர்டோடு கூடிக்கொண்டிருக்கும் மன்றத்தை மட்டும் யாரும் சீண்டவில்லை. அக்குறையைப் போக்குவதே நம் நோக்கம். மரபு கருதி நூற்பாவும் உரையுமாக எழுதுகிறோம். நூற்பா நம்முடையது என்பதால் அதற்கு வேறு உரையாசிரியர் கிடைக்கப்போவதில்லை. உரையையும் நாமே பார்த்துக்கொள்கிறோம்.

முதலில் இளைஞர் யார் என்பதைத் தீர்த்துவிட வேண்டும். இதில் அரசுகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குக்கு 15 முதல் 24 வயது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை தாராளமாக விட்டது. 2014-இல் வந்த கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. முந்தின நாள் வரை இளைஞராக இருந்த 34 வயதுக்காரர்கள் ஒரே அறிக்கையில் நடுவயதுக்குத் தள்ளப்பட்டார்கள். மன்றத்தில் இதனால் எந்தச் சலசலப்பும் இல்லை. எங்கள் தெரு மன்றத்தின் கௌரவத் தலைவருக்குப் பேத்தி பிறந்தாயிற்று. டீ வாங்கிவர அனுப்பப்படும் பையன் ஏழாம் வகுப்பு. ‘இளைஞர்களே, திரண்டு வாரீர்’ என்று இருவரையும் ஒரே பேனர்தான் அழைக்கிறது.

அடுத்தது சட்டம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கௌரவத் தலைவர் என்று ஆறு பேருக்குப் பதவி போய்விடும். மிஞ்சும் ஒருவர் உறுப்பினர். மன்றத்தின் அத்தனை நற்பணியையும் செய்பவர் இவரே. சில ஊர்களில் இவரையும் விட்டுவைக்காமல் ‘செயற்குழு’ ஆக்கிவிடுகிறார்கள். அங்கே வேலை செய்ய வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியிருக்கிறது. அப்படித் தேடப்படுபவரைப் பற்றியது நம் முதல் நூற்பா:

வேடிக்கை பார்த்தோன் கயிறு பிடித்தக்கால்
கூடிற்று மன்றத் துறுப்பு.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், உறுப்பினர் ஆகும் முறை உணர்த்துதல் நுதலிற்று. விண்ணப்பப் படிவம், இரண்டு போட்டோ, ஆதார் நகல், சந்தா எல்லாம் உண்டுதான். அவை பொருளாளர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. மெய்யான சேர்க்கை நடப்பது தெருவில். பால் வாங்கப் போகிற ஒருவர், பேனர் கட்டுவதைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கிறார். மேலே ஏணியில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: “தம்பி, சும்மாத்தானே நிக்கிற? இந்தக் கயித்தக் கொஞ்சம் புடி.” பிடித்தவர் விட முடியாது, விட்டால் பேனர் ஏணிக்காரர் தலையோடு இறங்கும். கட்டி முடித்து இறங்கியதும் ஏணிக்காரர் இவர் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்வார். அன்றிரவே வாட்சாப் குழுவில் சேர்க்கப்பட்டிருப்பார். பால் வீட்டுக்குப் போகும்போது திரிந்திருப்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மன்றங்களின் தோற்ற வரலாற்றைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1972-இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா ஊர் மன்றங்களை இணைத்துக்கொண்டது ஒரு வழி. ரசிகர் மன்றங்களை நற்பணிக்குத் திருப்பியது இன்னொரு வழி. கமல்ஹாசன் தம் ரசிகர் மன்றங்களையே நற்பணி இயக்கமாக மாற்றினார். பாரதி, விவேகானந்தர், அம்பேத்கர், காமராஜர், நேதாஜி, அப்துல் கலாம் என்று பெயர்கள் வந்தன. பெயர் எதுவானாலும் ரசீது புத்தகம் ஒன்றுதான். விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12-ஐ தேசிய இளைஞர் தினமாக 1985 முதல் கொண்டாடுகிறார்கள். நாலைந்து நாளில் காணும் பொங்கல் வந்துவிடுவதால், சாக்கு ஓட்டத்தோடும் உறியடியோடும் சேர்த்து அவரையும் முடித்துவிடுவது எங்கள் மன்ற வழக்கம். சுவாமிஜி உடற்பயிற்சியை வலியுறுத்தியவர், வருத்தப்படமாட்டார்.

ரத்ததான முகாமும் மன்றத்துப் பணியே. 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும்; எடுப்பது 350 மில்லி. வயதில் சிக்கலில்லை. 44 கிலோவில் நிற்கும் பையன்கள் சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் பைக்குள் திணித்துக்கொண்டு எடை மிஷினில் ஏறுவதையும், நர்ஸம்மா எதுவும் பேசாமல் பையைச் சுட்டிக்காட்டுவதையும் நேரில் கண்டிருக்கிறோம். மறுக்கப்பட்டவர்களுக்கும் பிஸ்கட் உண்டு. இதில் கள்ளம் கிடையாது. கொடுத்தாக வேண்டும் என்ற துடிப்பு, உடம்பில்தான் போதவில்லை.

இனி ஆய்வின் நடுநாயகமான நாற்காலி. நூற்பா:

தூக்குவோன் தொண்டன் துணைநின்று பார்ப்போனை
நோக்குவோன் என்றல் நெறி.

வாடகைக் கடையிலிருந்து வரும் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கடைப்பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கைக்கொன்றாக இரண்டு தூக்குவார். ஒரு பொங்கல் கண்டவர் ஆறை அடுக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எதிரே வருபவரின் கால்களை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் கண்டு பேசிக்கொண்டே நடப்பார். பனியில் நனைந்த அடுக்கு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அடியிலுள்ளதைக் காலால் மிதித்து மேலுள்ளதைக் கைப்பிடியில் பற்றி ஒரு திருகு திருகினால்தான் ‘டப்’பென்று கழலும். இழுத்தால் வராது. இந்தத் திருகைப் படித்துக்கொள்ள முடியாது, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வர வேண்டும். பின்கால் விரிசல் கண்ட நாற்காலியை முன்வரிசையில் போட்டுவிடாமல் இருப்பது அடுத்த படி. சிறப்பு விருந்தினர் உட்காரும் முன் ஒருமுறை தான் உட்கார்ந்து எழுந்துவிடுபவரை மன்றத்தின் மூத்தவர் என்று கொள்க. அவருக்குப் பேனரில் படம் இருக்காது.

வரிசை பிடித்துப் போட்ட நாற்காலி வரிசையில் நிற்பதில்லை என்பதும் இந்த ஆய்வில் உறுதியானது. வெயில் ஏற ஏற, ஆளோடு சேர்ந்து நாற்காலிக் கூட்டம் மொத்தமும் வேப்பமர நிழலைத் தொடர்ந்து நகர்கிறது. காலையில் மேடையைப் பார்த்திருந்த சபை, பரிசளிப்பு நேரத்தில் ரேஷன் கடைக்கு முகம் காட்டி உட்கார்ந்திருக்கும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். பேனரின் ஓரத்தில் ‘மகளிர் அணி’ என்று அச்சிட்டிருக்கும். கோலப்போட்டிக்கு விடியுமுன் தெருவைக் கூட்டித் தெளித்தது யார், போட்டி முடிந்ததும் எவர்சில்வர் தட்டுகளை எண்ணி வாங்கியது யார் என்று பார்த்தால் அணி இருப்பது உண்மைதான் என்று தெரியும். ஆனால் செயற்குழுக் கூட்டம் இரவு ஒன்பதரைக்கு டீக்கடை பெஞ்சில் நடக்கிறது. அங்கே வராதவர்கள் ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று பதிவாகிறது. இந்தத் தரவை வைத்து யாரும் ஆய்வு செய்ய வேண்டாம்.

கடைசியாகக் கலைதல். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. நாட்டுப்பண் 52 விநாடி. முன்னதில் பதவியாளர்கள் மேடையில் தங்கள் இடத்தைக் கண்ணால் தேடுகிறார்கள். பின்னதில் அதே கண் வண்டி நிற்கும் இடத்தைத் தேடுகிறது. பாட்டு முடிந்த கையோடு நால்வருக்கு ஒரே நேரத்தில் போன் வருகிறது. அழைப்பது யார் என்று கண்டறிய முடியவில்லை. மைதானத்தில் இப்போது எஞ்சியிருப்பவர்களே மன்றம்: கயிறு பிடித்துச் சேர்ந்தவர், எடை போதாமல் திரும்பியவர், ஏழாம் வகுப்புப் பையன். அடுக்கத் தொடங்குகிறார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் எண்ணவும் இல்லை.

புறனடை: எண்ணாததன் விளைவு மறுநாள் வாடகைக் கடையில் தெரியும். வருஷம் தவறாமல் இரண்டு குறைகிறது. ஒன்று சலூன் வாசலில் கிடைத்துவிடும். ஆள் உட்கார்ந்திருந்தால் முடி வெட்டி முடியும்வரை காத்திருந்து வாங்க வேண்டும். மற்றொன்று கௌரவத் தலைவர் வீட்டுத் திண்ணையில், அவருக்குக் கீழேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கப்போவது யார் என்ற பொருள் செயற்குழுவில் ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. அடுத்த கூட்டத்துக்கு அவரே தலைமை.