ஹைபிரிட் மாஸ்டர்

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஹைபிரிட்காரர் இருக்கிறார். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் கவலை வேண்டாம். இலங்கையில் 2025-இல் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கிவிட்டது, கெதியில் வந்துவிடுவார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கலியாண வீட்டில் இலையில் சோறு விழுவதற்கு முன்னமே, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று சொல்லி முடித்திருப்பார். செத்தவீட்டில் கொஞ்சம் பொறுமை காப்பார். பிரேதம் படலை தாண்டிய பிறகுதான் தொடங்குவார்.

எங்களவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்கே மாஸ்டர். 2022-இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு பாய் போட்டுப் படுத்தவர். பிறகு கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். அந்த இருபதுக்காகவும் அவருடைய பழைய கார் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அன்றைக்கு எடுத்த சபதத்தின் விளைவுதான் இந்த டொயோட்டா அக்குவா. யப்பானில் ஓடி, கப்பலேறி, கொழும்பில் ஒருவரிடம் சில காலம் வாழ்ந்து, ஆனையிறவு தாண்டி வந்து சேர்ந்தது. 2020-இலிருந்து இறக்குமதி நின்றிருந்ததால் பழைய காருக்குப் புதுக் காரைவிடத் திமிரான விலை.

மாஸ்டர் கணக்குப் போடாமல் எதையும் வாங்கமாட்டார். பெற்றோலில் மிச்சம் பிடிக்கும் காசில் காரின் விலை இருபத்திரண்டு வருடத்தில் அடைபடும் என்று கண்டுபிடித்தார்.

"அப்ப உங்களுக்கு எண்பத்தாறு வயசாகுமே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"வயசைக் கணக்கிலை சேர்க்கக்கூடாது தம்பி. அது வேறை பாடம்."

முதல் நாள் காலை ஒழுங்கையே கூடி நின்றது. மாஸ்டர் பிறேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினார். சத்தமில்லை. மறுபடி அமத்தினார். அப்போதும் இல்லை. ஒன்பது தரம் அமத்திய பிறகு விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. திரையில் 'ரெடி' என்ற எழுத்து வந்தால் கார் ஸ்ராட்டில் நிற்கிறது என்று அர்த்தமாம். முதலில் மின்மோட்டார்தான் காரை நகர்த்தும், வேகம் எடுத்தாலோ பற்றறி இறங்கினாலோ எஞ்சின் எழும்பும். ஆக, கார் ஒழுங்காகத்தான் ஸ்ராட்டாகியிருக்கிறது. மாஸ்டர்தான் மறுபடி மறுபடி அமத்தி அதை நிப்பாட்டியிருக்கிறார்.

சத்தமில்லாத காரை நிப்பாட்ட மறப்பதும் சுலபம். ஒரு நாள் இரவு கொட்டிலுக்குள் விட்டுவிட்டு இறங்கினார். கார் 'கீ கீ' என்று கத்தியது. விடைபெறுகிறதாக்கும் என்று எண்ணி, "சரி, சரி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். பற்றறி இறங்க இறங்க, கண்ணயரும் நேரத்தில் எஞ்சின் தானாக எழும்பி உறுமத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, ஆரோ காரைக் கொண்டு போறாங்கள்!" என்று மாஸ்டரின் மனைவி, எங்களுக்கு மாமி, போட்ட சத்தத்தில் நான் டோர்ச்சோடு மதிலேறிக் குதித்தேன். சாரதி ஆசனத்தில் ஒருவரும் இல்லை. கார் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தானாக அடங்கியது. பக்கத்து வீட்டு ஆச்சி அப்படியே உள்ளே போய் விபூதி எடுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அந்தக் கார் வந்தால் ஆச்சி மதிலோரம் ஒதுங்கித்தான் நிற்கிறார்.

காருக்குள் ஒரு பெண்குரலும் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஸ்ராட் செய்யும்போதும் யப்பான் பாஷையில் மிகப் பவ்வியமாக ஏதோ சொல்லும். மாஸ்டர் அதைக் கேட்டதும் மெல்லத் தலையைக் குனிவார். ஏறுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பும் உண்டு: "வாருங்கோ, பயணம் நல்லபடி அமையட்டும் எண்டு சொல்லுறா. யப்பான்காரருக்கு மரியாதை எண்டால் மரியாதைதான்." ஆறு மாதம் இப்படிப் போனது. யப்பானில் படித்துவிட்டு வந்த அவருடைய மருமகன் ஒருநாள் முன்சீற்றில் ஏறினான். குரலைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, அதிவேகச் சாலைக்குக் காசு கட்டுற அட்டை போடேல்லை எண்டு சொல்லுது." மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் தலை குனிவதை அவர் நிறுத்தவில்லை.

அடுத்தது கியரில் இருந்த 'பி' (B) என்ற எழுத்து. ‘டி’க்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. பற்றறி என்றார் ஒருவர். பாரம் ஏற்றும்போது போடுவது என்றார் சந்திக் கடைக்காரர். மருமகன்தான் தெளிவுபடுத்தினான். மலையிறக்கத்தில் பிறேக் சூடேறாமல் எஞ்சினாலேயே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் வழி அது. யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? மாஸ்டர் கீரிமலைக்குப் போனார். கீரிமலையில் மலை பேரில் மட்டும்தான். கேணியில் முழுகிவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் மாமியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கே போய், திரும்பும்போது றம்பொடை இறக்கத்தில் 'பி'யைப் போட்டார். எஞ்சின் அலறியது, கார் மெல்ல இறங்கியது, மாஸ்டர் "வேலை செய்யுது!" என்று கூவினார். "ஒரு எழுத்தைப் பாக்க முந்நூறு கிலோமீற்றருக்கு மேலை போய் வந்த குடும்பம் நாங்கள்தான்" என்று மாமி இன்றைக்கும் சொல்வார்.

ஆனால் மாஸ்டரை அடியோடு மாற்றியது புள்ளி போடும் திரைதான். எவ்வளவு சிக்கனமாக ஓட்டுகிறோம் என்று நூற்றுக்குப் புள்ளி போடுகிறது கார். முப்பத்தைந்து வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை போட்டவர், வாழ்க்கையில் முதல்தடவை இன்னொருவரிடம் புள்ளி வாங்கினார். முதல் நாள் நாற்பத்தொன்று. இரவு அவர் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து மாஸ்டரின் வேகம் முப்பது. பின்னால் வரும் மினிபஸ் கோண் அடித்துக் களைத்துப்போகும். சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் முந்திக்கொண்டு போகும்போது "குட்மோனிங் சேர்" சொல்லும். ஏசி போட்டால் புள்ளி குறையும் என்று மாமி பனையோலை விசிறியோடு பயணம் செய்கிறார். எவ்வளவு மிச்சம் என்று காட்டவும் ஒரு பக்கம் இருக்கிறது, அது யென்னில் காட்டும். மாஸ்டர் காலையில் பத்திரிகையில் நாணயமாற்று வீதம் பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறார். யப்பான்காரன் 2011-இல் இந்தக் காரை அறிமுகப்படுத்தியபோது தங்கள் சோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அறிவித்திருந்தான். மாஸ்டருக்கு இருபத்திரண்டுதான் வருகிறது. மீதிப் பதின்மூன்று சொச்சத்தையும் எங்கள் வீதிக் குழிகள் விழுங்கிவிட்டன என்பது அவருடைய கணக்கு.

ஒரு நாள் சந்திக் கடை வாங்கில் மாஸ்டர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பழைய ஹயர்கார் ஓட்டுநர் ஒருவர், எண்பது தாண்டியவர், பிளேன்ரீயோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உலகத்திலை முதல்முதல் பெருந்தொகையாச் செய்து வித்த ஹைபிரிட், பிரியஸ். 1997 டிசம்பர். ரெண்டு வலுவிலை ஓடுறது. விளங்குதே அண்ணை?"

"விளங்குது மாஸ்டர். நாங்கள் 90-இலையே ஓடினனாங்கள்."

"என்னது?"

"சண்டை நேரம், தடை போட்டுப் பெற்றோல் வராத காலம். நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்கை விட்டு ஏ போர்ட்டிக் காரை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடுவம். ரெண்டு எண்ணெய். புகைதான் கொஞ்சம் கூட."

மாஸ்டர் விடவில்லை. "இது பிறேக் பிடிச்சால் கரண்ட் வரும் அண்ணை. மோட்டார் அப்ப டைனமோவா மாறும். வீணாப் போற வலுவைச் சேமிக்குது."

"சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை ரேடியோ கேட்டனாங்கள். சுத்துறதை நிப்பாட்டினால் செய்தியும் நிண்டிடும். அப்ப எங்களுக்கு ஆர் மாஸ்டர் புள்ளி போட்டது?"

மாஸ்டர் அன்றைக்குப் பதில் சொல்லாமல் எழும்பினார். அடுத்த நாள் காலை அந்தப் பெரியவரை முன்சீற்றில் இருத்தி, ஏசியும் போட்டு, பருத்தித்துறைக் கடற்கரை வரை கூட்டிக்கொண்டு போய் வந்தார். திரையில் ஐம்பத்திரண்டு புள்ளிதான் விழுந்ததாம். அன்றிரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார் என்று மாமி சொன்னார்.

இனி உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பழைய கார் இருந்த காலத்தில் மாஸ்டர் வீட்டை விட்டு அதிகம் வெளிக்கிடமாட்டார், மாதம் நாற்பது லீற்றர் போதும். இப்போது பாதிச் செலவில் ஓடும் கார் வந்துவிட்டது. மிச்சம் பிடிக்கிற சந்தோசத்தில் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. மாதம் அறுபது லீற்றர் போகிறது. காரில் ஒரு குறையும் இல்லை.

அவர் வழியில் நிறுத்தி ஏறச் சொன்னால் தாராளமாக ஏறுங்கள். பெண்குரல் பேசும்போது நீங்களும் தலையைக் கொஞ்சம் குனியுங்கள். ஒன்றே ஒன்று: பின்சீற்றோரத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கும். பெரிய பற்றறி காற்று வாங்கும் வாசல் அது. சந்தைப் பையை அதன்மேல் சாத்தி வைத்துவிடாதீர்கள்.