ஸ்டேட்டஸ் பார்க்கும் சர்க்கார்

முத்தாண்டிக்குப்பத்துக்காரன் சந்தோஷமாக இருக்கிறானா, கடுப்பில் இருக்கிறானா? இதைத் தெரிந்துகொள்ள மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2018-இல் சுமார் 42 கோடி ரூபாய்க்கு டெண்டர் விட்டது. எங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லைதான். ஆனால் மாவட்டந்தோறும் ஆள் போடப்போவதாகச் சொன்னவர்கள் கடலூரை மட்டும் விட்டுவிடவா போகிறார்கள்? ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் எல்லாவற்றையும் துழாவி, யார் பேசுவது சாதகம், யார் பேசுவது பாதகம் என்று பிரித்து, ஆளுக்கொரு ஜாதகம் கணித்து வைப்பது திட்டம். திரிணாமுல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா வழக்குப் போட்டார். இது கண்காணிப்பு ராஜ்ஜியமாகிவிடுமே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆகஸ்டில் டெண்டரைச் சுருட்டிக்கொண்டார்கள். பாவம், பஸ் பிடித்து வந்து எங்கள் டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலே முழு அறிக்கையும் கிடைத்திருக்கும். டீக்காசையும் நாங்களே கொடுத்திருப்போம்.

டெண்டர் போனது, பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு டெண்டரே தேவைப்பட்டதில்லை. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை 2015-இல் விடிவதற்குள் வீடு தேடிப் போய்ப் பிடித்தார்கள், தேசத்துரோக வழக்கு. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அந்தக் குடும்பத் தலைவர் அதற்கு முன் திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்கள் யார் கண்ணிலும் படவில்லை. கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டதும் சர்க்காருக்குப் பார்வை வந்துவிட்டது. நவம்பரிலேயே கைது. மனுவையும் ஃபேஸ்புக்கில் போட்டிருக்க வேண்டும் போல.

இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆறு வருஷம் கழித்தும் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. எவனோ பெயர் தெரியாதவன் எந்த மூலையில் என்ன பதிவு போட்டான் என்று தேடிப் பிடிப்பவர்களுக்கு, நாடே அறிந்த தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை.

இணையத்தைத் துழாவித் துப்பறியும் வித்தை என்னவோ நல்ல வித்தைதான். 2014-இல் உக்ரைன் வானத்தில் மலேசிய விமானம் எம்ஹெச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. சிப்பாய்களும் ஊர்க்காரர்களும் தாங்களே இணையத்தில் போட்ட படங்களை அடுக்கி, ஏவுகணை வண்டி ரஷ்யப் படையிலிருந்து வந்தது என்று காட்டியது பெல்லிங்கேட் என்ற சிறு குழு. நம் பக்கத்துக்கு வாருங்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. செய்திகளைச் சரிபார்க்கும் ஆல்ட் நியூஸ் தளம் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஃப்ரேம் எடுத்துத் தேடியது. ஒன்று, ஜோத்பூரில் ஒரு வக்கீலைக் கொன்ற காட்சி. இன்னொன்று கோவை கோர்ட் பக்கத்தில் நடந்த கோஷ்டிக் கொலை, செத்தவர் உள்ளூர்க்காரர். போன் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய வேலை இது. உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவுக்குத்தான் முடியவில்லை. இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேரைத் தொங்கவிட்டார்கள் என்று பதிவு போட்டார். வக்கீல் வேறு! மன்னிப்புக் கேள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதே வதந்தியைப் பரப்பிய யூடியூபர் மணீஷ் காஷ்யப் மேல் இங்கே தேசியப் பாதுகாப்புச் சட்டமே பாய்ந்தது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. பொய்யனைப் பிடிக்கச் சாதாரணச் சட்டம் போதாதா? அடுத்த ஏப்ரலில் அவர் பாஜகவில் சேர்ந்தார்.

அதே 2023, ஜூலை 26. எங்கள் மாவட்டத்து வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டியது. பயிர் நசுங்கும் வீடியோவைப் போலி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நிலம் எப்போதோ எடுத்தது, பயிர் வைக்காதே என்று அப்போதே சொன்னோம் என்றது நிர்வாகம். அறுப்பு வரை இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 1956-இல் தொடங்கிய கம்பெனிக்கு இரண்டு மாதம் ரொம்ப அதிகம்தான்.

ஸ்டேட்டஸ் பார்த்துக் கண் வலிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு மாற்று வேலை சொல்கிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம். சில நாளைக்கு ஒரு தடவை வருகிறது. போனில் விரித்தால் எங்கள் முந்திரித் தோப்புகள் பச்சையாகத் தெரியும், சற்றுத் தள்ளிச் சுரங்கம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். 2016 படத்தையும் போன மாசத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று. வயல் போனவன் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தது, கிணற்றில் தண்ணீர் எங்கே இறங்கியது என்பதையும் கூடவே துப்பறியலாமே. 2020 மே 7-ஆம் தேதி என்எல்சியின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளிகள் செத்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் வெடித்தது; மறுபடியும் சாவு. நடுவில் இரண்டு மாதம் கூட இல்லை. அந்த நாட்களில் உங்கள் கண்காணிப்பெல்லாம் எவன் வீட்டு வாட்ஸ்அப்பில் இருந்தது?

இதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன் எவனாவது இன்று ராத்திரி ஸ்டேட்டஸ் வைப்பான். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஐயா. சீக்கிரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.