61 அறைகளின் அதிபதி

போடிநாயக்கனூரில் ஏதாவது ஓர் ஏலக்காய்க் கடைக்குள் நுழையுங்கள். கணக்கு மேஜையில் இவர் இருப்பார். நெற்றியில் திருநீறு, காதில் பேனா, கண் கம்ப்யூட்டரில். நறுமணப் பொருள் வாரியத்தின் இ-ஏலம் ஓடுகிறதாக்கும் என்று நாம் குரலைத் தாழ்த்துவோம். எட்டிப் பார்த்தால் திரை முழுக்க அறுகோணக் கட்டம். அதில் மஞ்சளும் ஊதாவுமாய்க் கட்டிகளை இழுத்து இழுத்துப் பொருத்திக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டைச் செல்போனில் மட்டும் ஆட மாட்டார். அது அவருடைய ஒழுக்கம். "போன்ல ஏத்துனா பழக்கமாயிரும் சார். இது பிரவுசர்தான? மூடுனாப் போச்சு" என்பார். மூடி யாரும் பார்த்ததில்லை. படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் ஜிஎஸ்டி கணக்குக்குத் தாவிவிடுவார். அந்தக் கணக்கு சித்திரையிலிருந்து ஒரே வரியில் நிற்கிறது.

விதிகளை வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்குவார். பக்கத்துக்கு ஐந்து அறை, மொத்தம் 61. ஒரு தடவைக்கு மூன்று கட்டி தருவார்கள். மூன்று திசையில் எந்த வரிசை நிறைந்தாலும் காலியாகும். ஓரத்துக்கு ஐந்து போதும், நடுவுக்கு ஒன்பது வேண்டும். கட்டியைத் திருப்பக் கூடாது. நேரக் கெடுவும் இல்லை. "1984ல ரஷ்யாக்காரர் பஜித்னோவ் டெட்ரிஸ்னு ஒண்ணு பண்ணுனாரு. மேலருந்து விழுந்துக்கிட்டே இருக்கும், மனுசனப் பதற வைக்கும். இது நிதானம் சார்." நிதானம்தான். வண்டன்மேட்டிலிருந்து பணம் வாங்க இறங்கி வந்த தோட்டக்காரர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்திருப்பார். "செத்த இருங்கண்ணே, ஒரு நீளக் கட்டி வரட்டும்!"

இதையும் தொழில் என்றே சாதிப்பார். "ஏலக்காய உடைச்சுப் பாருங்க, உள்ள மூணு அறை. நம்ம பொழப்பே கட்டம்தான்." 2023 ஜூனில், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்த போடிக்கு மறுபடி ரயில் வந்தது. பாதி ஊர் ஸ்டேஷனில் நின்றது. இவருக்கு அன்றைக்கு நடு வரிசையில் ஓர் அறை பாக்கி.

வீட்டில்தான் கொஞ்சம் செல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, தரையைச் சம அளவு அறைகளாகப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் பிடிப்பது அறுகோணம்தான், இதை 1999இல் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கர் நிரூபித்துவிட்டார் என்று எடுத்துச் சொன்னார். "ஏங்க, அந்தக் குறைஞ்ச சுவத்தத்தான் நம்ம பாத்ரூமுக்கு எழுப்பிக் குடுங்களேன்" என்றார் அம்மையார். ஹேல்ஸுக்கு இப்படியொரு மறுப்பு வந்திருக்காது.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கம்பத்துக்குச் சீர் ஏற்றும்போது இவர் தானாகவே மேற்பார்வைக்கு வந்தார். "தள்ளுங்கப்பா, இடம் பொருத்துறது எங்கிட்ட விடுங்க." குட்டியானையில் கட்டில் ஏறியது, மெத்தை ஏறியது, கிரைண்டர் ஏறியது. ஓரத்திலிருந்து அடைத்து நடுவைக் காலியாக விட்டிருந்தார், அதுதான் உத்தியாம். பீரோ ஏறவில்லை. அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்திப் பார்த்து, கைகட்டி நின்று யோசித்தார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

லோடுமேன் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "அண்ணே, படுக்கப் போட்டா போயிரும்ணே."

"திருப்பக் கூடாதுப்பா!"

அதற்குள் பீரோ படுத்துவிட்டது. கயிறு கட்டி, வண்டி கிளம்பியும் விட்டது. புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த இவர் நம் பக்கம் திரும்பி, "இதெல்லாம் பாயிண்டுல சேராது சார்" என்றார்.