ஐந்தாவது சக்கரத்துக்கும் காற்று உண்டு

திண்டிவனம் தாண்டிய நெடுஞ்சாலையில் குடும்பக் கார் பஞ்சரானால் முதலில் இறங்க வேண்டியது ஆட்கள் அல்ல, மூட்டைகள். ஸ்டெப்னி எப்போதும் முறுக்கு டின்னுக்கும் பலாப்பழத்துக்கும் அடியில்தான் குடியிருக்கும். வெளியே எடுத்தால் அதிலும் காற்று இருக்காது. நாலு சக்கரத்துக்கும் தவறாமல் காற்றடிப்பவர்கூட ஐந்தாவதை மதிப்பதில்லை.

அடுத்து நிபுணர்கள் இறங்குவார்கள். சித்தப்பா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிவிட்டு, அப்புறம் நட்டைத் திருகுவார். நட்டோடு சக்கரமும் சுற்றும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கையேடு, பிளாஸ்டிக் உறை பிரியாமல், டேஷ்போர்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஹேண்ட் பிரேக், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முட்டுக்கல், பின்னால் சிவப்பு முக்கோணம் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு! முழங்கால் வலிக்கார அத்தை இறங்கவே மாட்டார். ஜாக்கி அவரையும் சேர்த்துத்தான் தூக்கும். மிச்சப் பேர் லாரி வரும் பக்கமாக நின்று யோசனை சொல்வார்கள்.

அரசாங்கத்துக்கு நம்மைத் தெரியும். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-இல் விதியைத் திருத்திவிட்டது. பலாப்பழத்துக்கு இடம் கிடைத்தது.

நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். குடும்பத்தைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். சித்தப்பா சம்மதித்தால், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.