ஈக்களின் கலப்பு மணம்

கேள்வி: இயற்கைத் தேர்வினால் புதிய ஜீவ இனம் தோன்றுவதைக் கண்ணால் கண்டவர் உண்டா?
(வாசகர், மைசூர்)

பதில்: ஆரம்பத்தைக் கண்டவர்கள் தங்கள் ஊரிலேயே உண்டு! மானசகங்கோத்ரியில், மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரங்கநாத்தும் சகாக்களும், 8 குரோமோசோம்கள் உடைய நாசுட்டா என்னும் பழ ஈக்கும் 6 உடைய அல்போமிகான்ஸ் ஈக்கும் கலப்பு மணம் செய்வித்து, சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகப் போஷித்து வர, இருவகை குரோமோசோம்களும் கலந்த ஸ்திரமான புதுக் குலங்கள் உருவாயின. அவற்றுள் சில, ஜாதகம் பாராமலே தம் குலத்தில் வரன் தேடலாயின. இந்தச் சிறு பேதம், சூழலுக்கு உகந்தவற்றை இயற்கை தேர்ந்து சேர்க்கச் சேர்க்க, கூடிச் சந்ததி பெறவே இயலாத அளவுக்கு முற்றுமாயின், அன்றே ஓர் இனம் இரண்டாகிறது. ஆயுளில் காண்பதற்கரிய அந்த நெடும் பயணத்தின் முதலடியைக் கண்ணாடிக் குப்பிக்குள் காட்டியது மைசூருக்கு மெய்யான பெருமை.